காப்புத் துளி

பின்பனிக்காலம். விடிந்த பின்னும் பனி விலக மனமின்றி நின்றது. வேம்புகள் பழுத்த இலைகளை ஒவ்வொன்றாய் மண்ணுக்கு ஈந்தன. துக்க வீட்டைப் போல உலகம் பேச்சடங்கிக் கிடந்தது.

ஆய்வகத்தில் அவள் சோதனைப் படலத்தை ஒளிக்கு நேரே பிடித்திருந்தாள்.

கருங்கோடு விழவேண்டிய இடம் வெறுமையாய் இருந்தது.

இதயத்தின் உயிரணுவுக்குள் கால்சியம் பெருகினால் நெஞ்சு இறுகும், வடிந்தால் நெகிழும். வடிக்கும் புரதத்தை மற்றொரு சிறு புரதம் பற்றித் தடுத்திருக்கும். அந்தச் சிறு புரதத்தின்மேல் பாஸ்பேட் ஒன்று பொட்டுப் போல ஒட்டினால் பிடி தளரும்.

அவ்வளவே. நெஞ்சு அடுத்த துடிப்புக்கு ஆயத்தமாகும்.

பொட்டு இருந்தால்தான் படலத்தில் கருங்கோடு விழும். ஆனால் திசுவை அரைக்கையில் அந்தப் பொட்டு அழிந்துவிடும். அழியாதிருக்க முன்னதாக ஒரு மருந்துத் துளி விடவேண்டும். அதற்குக் காப்பு என்றே பெயரிட்டிருந்தாள். காப்புச் செய்யுள் பாடாமல் நூல் தொடங்காத மரபில் வளர்ந்தவள்.

இந்தத் திசுவை அரைத்த அன்று விடவில்லை.

அவள் பெற்ற விருதுக்காக யாரோ அழைத்துப் பாராட்டினார்கள். கைப்பேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, சிரித்தபடியே அரைத்துவிட்டாள்.

இருந்தது ஒரே துண்டு. விபத்தில் மாண்ட அமுதவாணனின் இதயத்திலிருந்து எடுத்தது. பிறருக்குப் பொருத்த இயலாதென்றதும், ஆய்வுக்காவது ஆகட்டும் என்று அவன் தந்தை கொடுத்தது.

அந்தத் தந்தை இப்போது வாயிலில் நின்றார். மகனுக்குத் திதி கொடுத்துவிட்டு நேரே வந்திருந்தார். செருப்பை வெளியே விட்டிருந்தார்.

"எம் மவன் நெஞ்சு ஒத்தாசையா இருந்துச்சா, தாயி?"

ஆம் என்றால் போதும். நிறைவோடு திரும்பிவிடுவார். எவரும் அறியப்போவதில்லை.

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இல்லங்கய்யா. நாந்தான் கெடுத்துட்டேன். ஒரு மருந்து விடணும். மறந்துட்டேன்."

அவர் ஓரடி உள்ளே வந்தார்.

"கொஞ்சமாச்சும் மிச்சம் இருக்கா?"

பனிக்கட்டியில் செருகியிருந்த சிறு குழாயை எடுத்துக் காட்டினாள். அடியில் மங்கலாய்ச் சிறிது நீர்மம்.

அவர் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கருவறை முன் நிற்பவராய்க் கண்மூடிக் கைகுவித்தார். உதடுகள் மட்டும் அசைந்தன.

அவள் தலை தாழ்ந்தது. நிமிரவில்லை.

உச்சியில் சொரசொரத்த கையொன்று பதிந்தது.

"நல்லாயிரு தாயி. அடுத்த புள்ளைக்கு மறந்துறாத."