கீழே பூந்தொட்டிகள்

"நடக்க முடியாதவங்களுக்கு வண்டி குடுக்கற முகாமை ஏனுங்க மாடியில வெச்சிருக்கீங்க?" என்று சென்ற ஆண்டு ஒரு குழந்தை கேட்டது. நல்ல கேள்வி என்று அதிகாரிகள் கைதட்டினார்கள். இந்த ஆண்டும் ஏற்காட்டில் முகாம் மாடியில்தான். கீழ்க் கூடத்தில் மலர்க் கண்காட்சிக்கான தொட்டிகள்.

"தொட்டிய மாடிக்கு ஏத்துனா ஒடஞ்சிருமுங்க," என்றார் ஊழியர்.

"நாங்க விழுந்தா ஒடைய மாட்டமுங்களா?" என்று கேட்டாள் கொட்டச்சேடு கிராமத்துக் காளியாயி. மழைக்குத் தலையில் பிளாஸ்டிக் சாக்கைக் கவிழ்த்திருந்தாள். ஜீப் ஓட்டும் பொன்னுவேல் அவளை முதுகில் சுமந்து மேலே போனான்.

மேசைக்குப் பின்னால் டாக்டர் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். காளியாயிக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க டாக்டரு, நாலு படி எறங்கி வந்து பாத்தாக் கொறஞ்சா போயிருவீங்க?"

"என்னால எறங்க முடியாதுங்கம்மா," என்று சிரித்தபடியே அவர் அவளுக்குச் சக்கர நாற்காலி தரச் சொல்லிக் கையெழுத்திட்டார்.

"கொழுப்பப் பாத்தியா?" என்று பொன்னுவேலின் காதில் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினாள். அவன் அவளை வாசல் பெஞ்சில் உட்கார வைத்தான். பக்கத்தில் ஒரு சக்கர நாற்காலி சாரலில் நனைந்துகொண்டிருந்தது.

"இதுதான் என்னுதா கண்ணு?"

"இல்லீங்கக்கா, உங்களுது உள்ள இருக்குது. இது டாக்டரோடது. காலைல அவரையும் நாந்தான் தூக்கிட்டுப் போனேன். சாயங்காலம் எறக்கோணும்."

அவன் அவளுடைய நாற்காலியை எடுத்துவர உள்ளே போனான்.

மாலையில் டாக்டரைச் சுமந்துகொண்டு பொன்னுவேல் இறங்கியபோது வாசலில் யாரும் இல்லை. சாரல் விடவேயில்லை. அவருடைய நாற்காலியின் மேல் ஒரு பிளாஸ்டிக் சாக்கு கவிழ்ந்திருந்தது. அதை எடுத்துப் பார்த்தால், துடைத்துவிட்ட இருக்கை காய்ந்திருந்தது.