மூன்று கிலோ

இந்த நாட்டுக்கு வந்த விமானத்தில் ஆளுக்கு முப்பது கிலோ விட்டார்கள். இங்கேயே ஊர்விட்டு ஊர் போகும் விமானத்தில் பதினைந்துதான். விடுதி அறையில் நானும் மனைவியும் பெட்டிகளை எடை போட்டோம்.

என்னுடையது பதினைந்து. அவளுடையது பதினெட்டு.

"நேத்து சரியாத்தானே இருந்துச்சு? எப்படிங்க ஏறுச்சு?"

"தராசு பொய் சொல்லுமா? எதையாவது எடு," என்றேன், ஜன்னலைப் பார்த்தபடி.

அடிவரை கைவிட்டுத் துழாவியவள் ஒரு கணம் நின்றாள். பிறகு தன் புதுச் செருப்பை எடுத்தாள். தங்கைக்கு ஆசையாக வாங்கிய கம்பளியையும் எடுத்தாள்.

நான் இன்னும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எடுத்ததையெல்லாம் அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண்ணிடம் கொடுத்தாள்.

விமானத்தில் குளிருக்குக் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

"உன் சால்வையையும் குடுத்துட்டியா?"

"இல்லைங்க, பெட்டியில இருக்கு. எனக்குத் தெரியாம என் துணிக்கு அடியில கல்லு செஸ் போர்டை ஒளிச்சு வெச்சீங்களே, அது உடைஞ்சிடக் கூடாதேன்னு சுத்தி வெச்சிருக்கேன்."