பன்னிரண்டு கோடு

“உங்க அக்காவைக் கட்டினது முதல் தப்பு. உன் லேத்தை நம்பினது ரெண்டாவது தப்பு” என்றார் அத்தான், டயல் கேஜிலிருந்து கண்ணை எடுக்காமலே.

லேத்தில் இரும்பு கடையும் டர்னரான மச்சினன் குனிந்து பார்த்தான். கேஜின் முள் பன்னிரண்டு கோடு தள்ளி நின்றது. நேற்று மாலை இரண்டு பேரும் பார்த்தபோது அது இரண்டு கோட்டைத் தாண்டவில்லை.

அத்தானின் அறுபது வருஷத்துப் பழைய காரின் என்ஜின் வீட்டுப் பக்கத்துக் கொட்டகைக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. ஃப்ளைவீல் சக்கரத்தை மூடுகிற ஹவுசிங்கும் என்ஜினும் ஒரே மையத்தில் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் கியர்பாக்ஸ் நாசம். அதற்காக டர்னர் இரண்டு கோணல் பின்கள் கடைந்து கொடுத்திருந்தான். பின்னின் தலையை ஸ்க்ரூடிரைவரால் திருப்பினால் ஹவுசிங் ஒரு மயிரிழை நகரும்.

“பின்னு ராத்திரியில தானா திரும்புதா? கடைஞ்ச லட்சணம்!”

“நேத்தே போல்ட்டை நல்லா இறுக்கியிருந்தா நகர்ந்திருக்காது அத்தான்.”

“எனக்கே பாடம் எடுக்குறியா? இரும்பு ஒரு ராத்திரி உட்காரணும். காலையில இன்னொரு தடவை பார்த்துட்டுதான் இறுக்கணும். இதெல்லாம் உனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவனுக்கே தெரிஞ்சிருக்காது.”

யாருக்கும்தான் தெரியாது. முப்பத்திரண்டு வருஷம் ஆபீஸில் கையெழுத்துப் போட்டவருக்கு இரும்போடு இருந்த பழக்கமெல்லாம் பீரோவோடு சரி. ஓய்வு பெற்ற மறுநாளே, உலகத்தில் எவனுக்கும் எதுவும் உருப்படியாகச் செய்யத் தெரியாது என்று கண்டுபிடித்துவிட்டார்.

என்ஜின் வருவதற்கு முன் மூன்று மாதம் வீட்டுக்குள்ளேயே இருந்தார். துண்டு மடிப்பதிலிருந்து குழாயை மூடுவது வரை மனைவியின் ஒவ்வொரு வேலைக்கும் மார்க் போட்டார். அவள் ஒன்றில்கூடப் பாஸாகவில்லை.

அக்கா டீயோடு வந்தாள். டம்ளரில் கறுப்பாக ஒரு விரல் தடம்.

“பார்த்தியா? ஒரு டம்ளர் கழுவத் துப்பில்லை. அக்காவும் தம்பியும் ஒரே அச்சு!” என்றார் அத்தான்.

அவள் முந்தானையால் டம்ளரைத் துடைத்துக் கொடுத்தாள். அத்தான் மச்சினன் பக்கம் திரும்பினார்.

“நாளைக்குக் காலையிலயும் முள்ளு தள்ளி நின்னா, பழைய கார் வெச்சிருக்கிற அத்தனை பேருக்கும் போன் போடுவேன். அப்புறம் உன் கடையில நீ ஈ ஓட்ட வேண்டியதுதான்.”

டர்னருக்கு வரும் வேலையில் பாதி அந்தக் கார்க்காரர்கள் கொடுப்பது. மாலை வரை முட்டி வலிக்க உட்கார்ந்து, பின்னைத் திருப்பித் திருப்பி, முள்ளை ஒரு கோட்டுக்குள் கொண்டுவந்தான்.

“லேசா முடுக்கினது போதும், கையை எடு. இரும்பு உட்காரட்டும்” என்று அத்தான் ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக டர்னர் வந்துவிட்டான். அத்தான் எழுந்திருப்பதற்குள் போல்ட்டுகளை இறுக்கிவிட்டால் பிழைத்தோம் என்பது அவன் கணக்கு. ஆனால் கொட்டகைக் கதவு ஏற்கனவே திறந்திருந்தது.

உள்ளே என்ஜின் பக்கத்தில் அக்கா குந்தியிருந்தாள். போல்ட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூடிரைவரைப் பின்னின் தலையில் வைத்து, பழகின கையாகக் கால் சுற்று திருப்பினாள்.

“அக்கா! என் பொழைப்புல மண்ணைப் போடுறியே, உனக்கென்ன பைத்தியமா?”

அவள் திடுக்கிடக்கூட இல்லை. போல்ட்டை முன்பு இருந்தபடியே முடுக்கிவிட்டு, வீட்டுப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள்.

“கத்தாதேடா. இந்த வண்டி ஓட ஆரம்பிச்சுட்டா, உங்க அத்தான் மறுபடியும் வீட்டுக்குள்ள வந்து உட்கார்ந்துடுவாரு!”