மடிக்கக் கூடாத தாள்

"என் கையால தைச்சா உடம்புல ஒட்டாதாமா அவளுக்கு?"

பெரியவள் கேட்டது மாமியாரிடம்தான். ஆனால் குரல் மாடிப்படி ஏறி நேராகச் சின்னவளின் காதுக்கே வந்து சேர்ந்தது.

கீழே முன் அறையில் பெரியவளின் தையல் கடை. தெருவில் பாதிப் பேர் அவள் தைத்ததைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். கொழுந்தன் பெண்டாட்டி, சொந்த ஓர்ப்படி, அவள் மட்டும் ஐந்து வருஷமாக ஒரு துண்டுத் துணி கொடுத்ததில்லை. கோபம் வராதா பின்னே?

சின்னவளுக்கும் காரணம் இல்லாமல் இல்லை. பத்து வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து, முறிந்த எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. இடது தோள் கொஞ்சம் இறக்கம். எதைப் போட்டாலும் கழுத்து அந்தப் பக்கம் நழுவும். அதை மறைக்கத்தான் எப்போதும் மேலே ஒரு சால்வை. கட்டினவனைத் தவிர யாருக்கும் தெரியாது. பெரியவள் டேப்பைத் தோளில் வைத்தால் தெரிந்துபோகும். அவளுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி. அந்த வாய் அப்படி!

இந்த வருஷ வெயில் மண்டையைப் பிளந்தது. நூலகக் கவுன்டரில் சால்வையோடு உட்கார்ந்திருந்தவள் ஒருநாள் மயங்கியே விழுந்துவிட்டாள்.

அன்றைக்கு முடிவு பண்ணினாள். 'நானே தைச்சுக்கறேன். கழுத்து நெருக்கமா வச்சுட்டா எப்படி நழுவும், பார்க்கறேன்!'

கடைத்தெருவில் ஒரு பேட்டர்ன் வாங்கினாள், துணி வெட்ட அளவு வரைந்த தாள். கோடைக்கு ஏற்ற எளிய டாப்ஸ். பிரித்துப் பார்த்தால் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. வேறு வழியில்லாமல் கீழே இறங்கினாள்.

"அக்கா, இதுல 'மடிப்பு ஓரம்'னு போட்டிருக்கே, அப்படின்னா?"

"தைக்கக் குடுக்க நான் ஆகாது. பாடம் எடுக்க மட்டும் நான் வேணுமா?" பெரியவள் தாளை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

மூன்றாம் நாள், தாளைக் கேட்டுக் கடையில் வந்து உட்கார்ந்த சின்னவளின் மடியில் ஒரு பழுப்புக் காகிதச் சுருள் வந்து விழுந்தது.

"நீ வாங்கினதுல பாதி உடம்புதான் இருக்கு. துணியை மடிச்சுப் போட்டு வெட்டணும். அந்தச் சாமர்த்தியம் உனக்கு ஏது? அதான் முன்னும் பின்னும் முழுசா வரைஞ்சிருக்கேன். 'மேல் பக்கம்'னு கொட்டை எழுத்துல எழுதியிருக்கேன், குப்புற வச்சுத் தொலைக்காதே. ஒரு கோடு மாத்தக் கூடாது. தாளை மடிக்கவும் கூடாது. சுருட்டியே வை!"

கடையில் இருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். சின்னவளுக்குக் காது மடல் சிவந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மாடிக்கு ஏறினாள்.

பரணில் கிடந்த கை மிஷினை இறக்கித் துடைத்தாள். டாப்ஸின் ஒரு கையை உள்வெளி மாற்றித் தைத்தாள். பிரித்தாள். கழுத்துப் பட்டி சுருங்கிக்கொண்டது. மறுபடி பிரித்தாள். பத்து நாள் படாத பாடு.

பதினோராம் நாள் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள்.

நழுவவில்லை.

குனிந்தாள், நிமிர்ந்தாள், கையைத் தூக்கி இறக்கினாள். கழுத்து இருந்த இடத்திலேயே இருந்தது. அடி சக்கை!

சால்வையை நாற்காலியிலேயே விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். நூலகத்தில் மூன்று பேர், "எந்தக் கடையில எடுத்தீங்க?" என்று கேட்டார்கள். வயிறு நிறைந்துவிட்டது அவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை குடும்பமே கூடிச் சாப்பிட்டபோது சொல்லியும் காட்டினாள். "யார் தயவும் இல்லாம நானே தைச்சேன்!"

"சபாஷ்! பெரியவளே, உன் கடைக்குப் போட்டி வந்தாச்சு" என்றார் மாமியார்.

"தையல் கோணல்" என்றாள் பெரியவள், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

"எனக்கும் இதே மாதிரி வேணும் சின்னண்ணி. அந்தத் தாளைக் குடுங்களேன்" என்று நாத்தனார் கெஞ்சினாள்.

சின்னவள் சுருளை எடுத்து வந்து பிரித்தாள். பைக்குள் அடங்குகிற மாதிரி மடிக்கப் போனாள். அவ்வளவுதான், எச்சில் கையோடு பாய்ந்து வந்தாள் பெரியவள்.

"மடிக்காதேன்னு சொன்னேனா இல்லையா? குடு இப்படி! அவளுக்கு நான் வேற வரைஞ்சு தர்றேன்."

சின்னவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "ஒரு தாளுக்குக்கூடவா பொறாமை, அக்கா?"

பெரியவளின் கை தானாக இறங்கியது. கை கழுவப் போய்விட்டாள்.

சின்னவள் விடுவிடுவென்று தன் அறைக்குப் போனாள். மடித்தால் என்ன ஆகிவிடுமாம்? முன்பக்கத் தாளை நட்டநடுவில் மடித்தாள்.

கழுத்தின் நடு சரியாக மடிந்தது. பக்க ஓரம் பக்க ஓரத்தோடு சேர்ந்தது. தோள் மட்டும் சேரவில்லை. இடது தோள் அரை விரல் இறங்கியிருந்தது.

பின்பக்கத் தாளை மடித்தாள். அதிலும் அதே இடது தோள், அதே அரை விரல்.

கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். தாளைச் சுருட்டிப் பெரியவளின் கையில் வைத்தாள்.

எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். "மன்னிச்சுடுங்க அக்கா. அடுத்தது நீங்கதான் தைக்கணும். டேப்பை எடுத்துட்டு வாங்க, அளவெடுங்க."

பெரியவள் அவள் பக்கம் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தாள்.

"அளவெடுக்காமலா வரைஞ்சேன்? நீ இந்த வீட்டுக்கு வந்த அன்னிக்கே கண்ணால எடுத்தாச்சு. போ, போய்ச் சாப்பிடு."