உப்புக் கோழியின் நிறம்

"டார்லீன், நீல ரிப்பன் உனக்குத்தான்! முதல் பரிசு!" அமெரிக்காவின் அயோவா மாநிலக் கண்காட்சிக் கூடமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார் வெர்லின்.

கோழி வடிவ உப்புக் குப்பி ஒன்றை அவர் மனைவி டார்லீன் நீர்வண்ணத்தில் வரைந்திருந்தாள். நடுவர் அந்தப் படத்தை விட்டு நகரவே இல்லை.

"இறக்கையில இருக்கிற பழுப்பு எந்தக் கடையில கிடைச்சுதும்மா? இப்படி ஒரு நிறத்தை நான் பார்த்ததே இல்லை!"

டார்லீனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"கடையா? அது காபிங்க! மேஜையில ஒரே மாதிரி ரெண்டு கப். ஒண்ணுல பிரஷ் கழுவுற தண்ணி, இன்னொண்ணுல இவருக்கு ஆற வச்ச காபி. வரையுற மும்முரத்துல பிரஷ்ஷைக் காபியில முக்கிட்டேன். நிறம் அள்ளிடுச்சு!"

நடுவர் விழுந்து விழுந்து சிரித்தார். வெர்லினின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்புறம் அந்தக் காபியை என்ன பண்ணினே?"

"செடிக்கு ஊத்திட்டேன். உங்களுக்கு வேற போடணும்னு நினைச்சு மறந்தே போச்சு. ஏன்?"

வெர்லின் கைக்குட்டையை எடுத்து நாக்கை அழுத்தித் துடைத்தார்.

"மேஜையில மிச்சமிருந்த கப்பைக் குடிச்சுட்டு, கல்யாணமான நாள்லேர்ந்து அன்னிக்குத்தான் முதல் தடவையா, உன் காபி பிரமாதம்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தேன்!"