போராட்டக் குழு மெயில்

"மனாசே பேரைத் தூக்கிடு," என்றார் சங்கத் தலைவர் நெவில்.

ரேவின் கீபோர்டில் கை வைத்தபடி தயங்கினாள். இறைச்சித் தொழிற்சாலையில் வேலைநிறுத்தத்துக்கு நாள் குறிக்கும்போதெல்லாம் நிர்வாகம் முன்கூட்டியே தெரிந்துகொண்டு முந்திக்கொண்டது. மூன்று முறை ஆகிவிட்டது. கம்பெனி எட்டிப் பார்க்கக் கூடாதென்றே சங்கம் தன் அறையில் சொந்தமாக சர்வர் வைத்திருந்தது. அதைக் கவனித்துக்கொள்பவள் ரேவின். போராட்டக் குழுவில் ஆறு பேர். அந்த ஆறு பேருக்கு மட்டுமே மெயில் போகும்.

"மேனேஜர் கார்லேருந்து அவன் இறங்கினதை நானே பார்த்தேன்."

"மழைக்கு ஏத்திக்கிட்டாருன்னு சொன்னானே."

"வேற என்ன சொல்லுவான்?"

பதினெட்டு வருஷமாக ஒரே வரிசையில் அவளோடு நின்று இறைச்சி வெட்டியவன். ரேவின் பெயரை நீக்கினாள்.

மறுநாளிலிருந்து கேன்டீனில் மனாசேயின் மேசையில் யாரும் உட்காரவில்லை. அவன் பிள்ளைகளை ரக்பி பயிற்சிக்குக் காரில் ஏற்றிக்கொள்ளக்கூட இன்வர்கார்கில் ஊரில் ஆளில்லாமல் போயிற்று.

ஆறு வாரம் கழித்து, நான்காவது முறை குறித்த நாளும் கசிந்தது.

ரேவின் சங்க அறைக்குப் போனாள். சர்வரைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். குழுவுக்கு வரும் மெயிலின் நகல் வெளியே ஒரு முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. முன்பு குழுவில் இருந்த கிரேமின் சொந்த மெயில் முகவரி. அவன் குழுவில் இருந்தபோது கேட்டானென்று அவளே செய்துகொடுத்த ஏற்பாடு. ஃபோர்மனாகி அவன் கம்பெனி பக்கம் போனதும் குழுவிலிருந்து பெயரை எடுத்தாள். நகல் போகும் இந்த ஏற்பாட்டை எடுக்க மறந்துவிட்டாள்.

நகல் போவதை நிறுத்திவிட்டு, நெவிலிடம் மறைக்காமல் சொன்னாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"மனாசேயைத் திரும்பச் சேர்த்துடு. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு கேட்டை மறிக்கிறோம்னு எல்லாருக்கும் அனுப்பு."

அனுப்பிவிட்டு நேராக மனாசே வீட்டுக்குக் காரை விட்டாள். வாசலில் சேறு படாத புது வண்டி நின்றது. கதவைத் திறந்த அவன் மனைவி லுபே, முகம் பார்க்காமல் உள்ளே போய் அவனை அனுப்பினாள்.

"தப்பு என்னோடது, மனாசே. எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்." அவள் குரல் உடைந்தது. "உன்னைக் குழுவுல திரும்பச் சேர்த்தாச்சு. மெயில் பார்த்தியா?"

"பார்த்தேன்."

அவன் கதவை வெளியிலிருந்து சாத்தினான்.

"திங்கட்கிழமையிலேருந்து நான் ஃபோர்மன், ரேவின். அந்த மெயிலை மேனேஜருக்கும் அனுப்பிட்டேன்."