இன்னும் ஒரு மாடி

மூன்றாம் மாடித் திருப்பத்தில் அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கைப்பிடியைப் பற்றியபடி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தம்பி இரண்டு படி மேலே நின்றான். அவனுக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

"இன்னும் ஒரு மாடிதான்க்கா. எழுந்திரு."

பசிக்கிறது, ஒரு பிஸ்கட்டாவது கொடு என்றாள். அவன் கைபேசியைத் தட்டிப் பார்த்தான். இன்றைய கலோரியில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மட்டும்தான் மிச்சம் இருக்கிறது. இப்போது பிஸ்கட் தின்றால் அப்புறம் வெறும் வெள்ளரிக்காய்தான், உன் இஷ்டம் என்றான்.

அவள் எழுந்துகொண்டாள்.

அப்பாவின் ஈரல் கெட்டுப்போயிருந்தது. குடியெல்லாம் இல்லை. எப்போதோ வந்த காமாலை உள்ளேயே இருந்து அரித்துவிட்டது. வீட்டில் யாராவது தங்கள் ஈரலில் ஒரு பங்கை அறுத்துக் கொடுத்தால் பிழைப்பார் என்றார்கள்.

அம்மாவுக்குச் சர்க்கரை. அதனால் முதலில் தம்பிதான் போனான். பந்தாடிப் பந்தாடி முறுக்கேறிய உடம்பு. ரத்தமும் சேர்ந்தது. எல்லாப் பரிசோதனையும் முடிந்தபின், இவர் உடம்பு ஒத்துவராது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏன் என்று யாரும் விளக்கவில்லை. புதிதாகக் கல்யாணமான பிள்ளை. அம்மா அன்றுதான் கண்ணயர்ந்து தூங்கினாள்.

மிச்சம் இருந்தது அவள்தான். அவள் ஈரலில் கொழுப்பு படிந்திருந்தது. கரைத்துக்கொண்டு வந்தால் பார்க்கலாம் என்றார்கள். ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு கலோரி, அதற்கு மேல் கூடாது. நடக்க வேண்டும், படி ஏற வேண்டும்.

ஏறினால் பசித்தது. பசியைப் பொறுத்துக்கொண்டால் ஏற முடியவில்லை.

ரொம்பக் களைத்தால் ஒரு நாள் ஓய்வெடுங்கள் என்று சாப்பாட்டு அளவு எழுதிக்கொடுத்த பெண் சொல்லியிருந்தாள். ஆனால் அப்பாவின் வயிறு நீர் கோத்து உப்பிக்கொண்டே போனது. களைப்பு தீரட்டும் என்று காத்திருக்க அவளுக்கு மனம் வரவில்லை.

பகலெல்லாம் பேக்கரியில் நின்று அடுத்தவர்களுக்குக் கேக் கட்டிக் கொடுத்தாள். வெண்ணெய் வாசனைக்கு வாயூறியது. தண்ணீரைக் குடித்து அடக்கினாள். முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. திடீரென்று இளைக்கிறாயே, மாப்பிள்ளை யார் என்று கடையில் சிரித்தார்கள்.

அப்பாவும் ஒருநாள் படுத்தபடியே அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"இத அப்பவே செஞ்சிருந்தா உனக்கும் ஒரு வழி பொறந்திருக்கும்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கப் போனாள்.

தம்பி மட்டும் ஒருநாளும் அவளைத் தனியாக விடவில்லை. விடியும் முன்னே வந்து கதவைத் தட்டினான். கூடவே நடந்தான். அவள் தட்டில் விழுவதையெல்லாம் எடை பார்த்தான். கால் வீங்கினால் தைலம் தேய்த்துவிட்டான். அவள் அழுதபோது அவனும் அழுதான். இப்படி ஒரு தம்பி அமையக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

கடைசியில் ஸ்கேனில் கொழுப்பு கரைந்திருந்தது. தம்பி ஆஸ்பத்திரி நடையிலேயே அவளைக் கட்டிக்கொண்டான்.

சம்மதக் கையெழுத்துக்கு முன் ஒரு டாக்டரம்மா அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கூட எழுந்த தம்பியை வெளியே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார். யாராவது வற்புறுத்துகிறார்களா, பயமாக இருக்கிறதா என்று விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா இப்பவே சொல்லிடுங்கம்மா. உடம்பு ஒத்துவரலன்னு வீட்டுல நாங்க சொல்லிக்கிறோம். வேற எதுவும் வெளிய போகாது."

எல்லாரிடமும் இப்படிக் கேட்பீர்களா என்றாள். கொடுக்க வருகிற எல்லாரிடமும், தனியாகத்தான் என்றார் அவர்.

"என் தம்பிகிட்டயும் கேட்டீங்களா?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்வதில்லை என்றார்.

தானும் வேண்டாமென்றால் அப்பாவுக்கு இனி ஆள் கிடையாது. அது அவனுக்கும் தெரிந்துதானே இருக்கும்.

காகிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்ததும் தம்பி எழுந்து ஓடி வந்தான். ஏன் இவ்வளவு நேரம் என்றான்.

"உங்கிட்ட கேட்டதத்தான்டா எங்கிட்டயும் கேட்டாங்க."

என்ன கேட்டார்கள் என்று அவன் கேட்கவில்லை. அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, முன்னால் நடந்தான்.